கொலோன் பேராலயப் பாதுகாப்பும் சுற்றுப்புறத் திட்டமிடலும்

கொலோன் பேராலயம் என்பது ஜெர்மனியின் கொலோன் நகரில், ரைன் ஆற்றின் இடது கரையில் அமைந்துள்ள கத்தோலிக்கப் பேராலயம் ஆகும். புனித பேதுருவின் பெயரால் அமைந்த இக்கோயில் கொலோன் உயர்மறைமாவட்டப் பேராயரின் இருக்கையாக விளங்குகிறது. 1248 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இதன் கட்டிடப் பணி, நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 1880 ஆம் ஆண்டிலேயே நிறைவடைந்தது. இதன் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் கொண்டவை. வடக்குக் கோபுரம் தெற்குக் கோபுரத்தைவிட ஏழு சென்டிமீட்டர் உயரமானது. 1996 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆற்றின் எதிர்க்கரையில் உயர்மாடிக் கட்டிடங்கள் எழுப்பத் திட்டமிடப்பட்டதால் 2004 ஆம் ஆண்டில் இது இடருக்குள்ளான உலக பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2006 ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இக்கட்டுரை பேராலயத்தின் கல், கூரை, கண்ணாடி ஆகியவற்றைப் பேணும் பணிகளையும், பேராலயத்தைச் சூழ்ந்துள்ள நகர்ப்பகுதியைத் திட்டமிடுவதில் எழுந்த சிக்கல்களையும் விவரிக்கிறது.

கட்டிட வரலாறு

1164 ஆம் ஆண்டில் கொலோன் பேராயர் ரைனால்டு, இயேசுவைக் காணச் சென்ற கீழ்த்திசை ஞானிகள் மூவருடையவை என நம்பப்படும் திருப்பண்டங்களை மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார். இவற்றை வைப்பதற்காகச் செய்யப்பட்ட பொற்பேழை இன்றும் பேராலயத்தின் பீடப்பகுதியில் உள்ளது. திருப்பண்டங்களைத் தரிசிக்கப் பயணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கியதால் பெரிய கோயில் ஒன்று தேவைப்பட்டது. 870 ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்ட பழைய பேராலயம் 1248 ஏப்ரலில் தீக்கிரையானது. அதே ஆண்டு ஆகத்து 15 ஆம் நாள் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முதல் தலைமைக் கட்டிடக் கலைஞரின் பெயர் ஜெரார்டு ஆகும். பீடப்பகுதி 1322 ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் பணம் வற்றியது, ஆர்வமும் குறைந்தது. பணி நின்றபோது பீடப்பகுதி முழுமையாகவும், நடுமண்டபம் தற்காலிகக் கூரையுடனும், தெற்குக் கோபுரம் முற்றுப்பெறாமலும் இருந்தன. அக்கோபுரத்தின் உச்சியில் நிறுத்தப்பட்டிருந்த மரப் பாரந்தூக்கி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் அங்கேயே இருந்து, கொலோன் நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது 1868 ஆம் ஆண்டில்தான் கீழே இறக்கப்பட்டது. 1794 இல் நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் புரட்சிப் படையினர் பேராலயத்தைக் களஞ்சியமாகப் பயன்படுத்தினர்.

மேற்கு முகப்புக்கான இடைக்கால வரைபடம் இரண்டு துண்டுகளாகப் பிரிந்து, ஒன்று 1814 இல் டார்ம்ஸ்டாட் நகரிலும் மற்றது 1816 இல் பாரிசிலும் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுள்ள இந்தத் தோல் வரைபடமே கோபுரங்களை முதல் திட்டத்தின்படியே கட்டி முடிக்க வழிசெய்தது. 1842 ஆம் ஆண்டில் பிரசிய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் இரண்டாவது அடிக்கல்லை நாட்டினார். அவர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். எர்ன்ஸ்ட் பிரெடரிக் சுவிர்னர், அவருக்குப் பின் ரிச்சர்டு ஃபோய்க்டெல் ஆகியோரின் மேற்பார்வையில் 38 ஆண்டுகளில் எஞ்சிய பணி முடிக்கப்பட்டது. 1880 முதல் 1884 வரை உலகின் மிக உயரமான கட்டிடமாக இது விளங்கியது.

இவ்வாறு ஒரே வரைபடத்தின்படி எழுந்த போதிலும், பேராலயம் உண்மையில் இரு வேறு காலங்களில், இரு வேறு தொழில்நுட்பங்களால் ஆக்கப்பட்ட கட்டிடமாகும். பாதுகாப்புப் பணியில் எதிர்கொள்ளப்படும் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே தொடக்கம்.

கற்கள்

இடைக்காலக் கட்டிடப் பகுதிகளின் முதன்மையான கல் டிராக்கைட்டு எனப்படும் எரிமலைப் பாறையாகும். கொலோனுக்குத் தெற்கே, ரைன் ஆற்றின் கரையிலேயே அமைந்துள்ள டிராகன்ஃபெல்சு என்னும் குன்றிலிருந்து இது வெட்டப்பட்டு, ஆற்றோட்டத்தில் படகுகளில் கொண்டுவரப்பட்டது. சாம்பல் நிறப் பின்புலத்தில் விரல் நீளத்துக்கும் காணப்படும் பளிங்குப் படிகங்களைக் கொண்டு இக்கல்லை எளிதில் இனங்காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியை மீண்டும் தொடங்கியவர்களுக்கு இந்தக் கல் பெருமளவில் கிடைக்கவில்லை. காரணம் சுவையானது. பல நூற்றாண்டுகளாகக் கல் வெட்டியதால் டிராகன்ஃபெல்சு குன்றின் உச்சியிலிருந்த பழைய கோட்டையின் இடிபாடுகள் சரியத் தொடங்கின. அக்கோட்டையையும் குன்றின் இயற்கைத் தோற்றத்தையும் காக்கும் பொருட்டு 1836 ஆம் ஆண்டில் பிரசிய அரசு குன்றின் உச்சியை விலைக்கு வாங்கிக் கல் வெட்டுவதை நிறுத்தியது. ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி குறிப்பிடப்படுவதுண்டு. ஆக, ஒரு மரபுச் சின்னத்தைக் காக்க எடுத்த முடிவு, ஆறாண்டுகளுக்குப் பின் மீண்டும் கட்டத் தொடங்கப்பட்ட மற்றொரு மரபுச் சின்னத்துக்கு அதன் இயல்பான கல் கிடைக்காமல் செய்தது.

எனவே சுவிர்னரும் ஃபோய்க்டெலும் வேறு கற்களை நாடினர். ஸ்டுட்கார்ட் நகருக்கு அண்மையிலுள்ள சிலைட்டோர்ஃப் ஊரின் மணற்கல் குறுக்கு மண்டபத்திலும் வெளிப்புற உதைப்பு வளைவுகளிலும் பெருமளவில் பயன்பட்டது. கோபுரங்களுக்கு வட ஜெர்மனியின் ஓபர்ன்கிர்ஹென் மணற்கல் கொண்டுவரப்பட்டது. கனத்த கற்களைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதை அக்காலத்தில் பரவிவந்த தொடருந்துப் பாதைகள் எளிதாக்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழுதுபார்ப்புக்குச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் லோண்டோர்ஃப் பசால்ட்டுக் கல்லும் பயன்படுத்தப்பட்டன. அண்மைக் காலத்தில் டிராக்கைட்டுக்கு மாற்றாக இத்தாலியின் மோன்டெமெர்லோ டிராக்கைட்டும், சிலைட்டோர்ஃப் கல்லுக்கு மாற்றாகச் செக் நாட்டின் பொசானோவ் மணற்கல்லும் பொருத்தப்பட்டு வருகின்றன.

ஒவ்வொரு தலைமுறையினரும் தம் காலத்தில் சிறந்தது எனக் கருதிய கல்லையே தேர்ந்தெடுத்தனர். எனினும் ஒரு கல் மழைநீரில் விரியும் அளவும், நீரை உறிஞ்சும் வேகமும், உப்பைத் தாங்கும் திறனும் அடுத்த கல்லிலிருந்து வேறுபடுகின்றன. உறுதியான கல்லுக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே மென்மையான கல் விரைவில் சிதைவதும் உண்டு. தனித்தனியே நல்லவையாக இருந்த கற்கள் ஒன்றுசேர்ந்தபோது ஒன்றுக்கொன்று தீங்கு செய்வதைக் கண்டறிந்த பின்னரே, புதிய கல்லைத் தெரிவு செய்யும்போது அதன் உறுதியை மட்டுமன்றி, அது பழைய கல்லோடு ஒத்துப்போகுமா என்பதையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் வழக்கம் நிலைபெற்றது.

சிதைவு

பேராலயம் இன்று ஏறத்தாழக் கறுப்பு நிறமாகத் தெரிகிறது. கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் அது வெளிர் நிறமாகவே இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படும்போது உண்டாகும் கந்தக டைஆக்சைடு மழைநீருடன் சேர்ந்து அமிலமாகிறது. இவ்வமிலம் கல்லில் அல்லது சுண்ணச் சாந்தில் உள்ள கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் படிகமாகும்போது புகைக்கரியையும் தூசியையும் தன்னுள் பிடித்துக்கொள்வதால் கறுத்த மேலோடு உருவாகிறது. மழைநீர் நேரடியாகப் படாத இடங்களில் இந்த மேலோடு தடிப்பாக வளர்ந்து, இறுதியில் கல்லின் புறப்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது.

கார்பனேட்டுப் பிணைப்பு உடைய சிலைட்டோர்ஃப் மணற்கல்லே இதனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. சிலிக்காவால் பிணைக்கப்பட்ட ஓபர்ன்கிர்ஹென் கல் கறுத்துப்போயிற்றே தவிர, பெரும்பாலும் உறுதியாக நிற்கிறது. டிராக்கைட்டு வேறுவிதமாகச் சிதைகிறது. அதன் புறப்பரப்பு செதில் செதிலாக உரிவதுடன் படிகங்கள் தளர்ந்து உதிர்கின்றன.

பேராலயத்தின் வடபுறத்தில் சில பத்து மீட்டர் தொலைவிலேயே நகரின் தலைமைத் தொடருந்து நிலையம் உள்ளது. 1859 முதல் நீராவி இயந்திரங்கள் அங்கே புகை கக்கின. மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சித் தொடருந்துத் துறை 1977 ஆம் ஆண்டில் நீராவி இயந்திரங்களைக் கைவிட்டது. 1983 ஆம் ஆண்டில் பெரிய எரிவுலைகளில் கந்தகத்தைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்ட பின்னர், காற்றிலிருந்த கந்தக டைஆக்சைடின் அளவு வெகுவாகக் குறைந்தது. எனினும் கல்லுக்குள் ஏற்கனவே ஊடுருவிய உப்புகள் அங்கேயே உள்ளன. காற்று தூய்மையான பின்னரும் ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும்போது அவை தொடர்ந்து கல்லை உடைக்கின்றன.

கறுப்பைக் கழுவி வெண்மையாக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. மேலோடு கல்லுடன் இறுகப் பிணைந்துள்ளதால், அதை அகற்றும்போது கல்லின் மேற்பரப்பும் இழக்கப்படும் என்பதே இதற்கான விடையாகும். எனவே சிதைவு தீவிரமாக உள்ள இடங்களில் மட்டும், லேசர் ஒளி போன்ற மென்மையான முறைகளைக் கொண்டு தூய்மை செய்யப்படுகிறது.

பேராலயக் கட்டடப் பட்டறை

பேராலயத்தைப் பேணும் பொறுப்பு பேராலயக் கட்டடப் பட்டறை என்னும் நிலையான அமைப்பிடம் உள்ளது. கல்தச்சர், சிற்பி, கொல்லர், தச்சர், கூரை வேய்வோர், சாரம் கட்டுவோர், கண்ணாடிக் கலைஞர், ஓவியர், மின்வினைஞர் எனப் பல தொழில் செய்வோர் இதில் நிரந்தரமாகப் பணியாற்றுகின்றனர். ஒப்பந்தக்காரரை அழைத்து வேலை முடிந்ததும் அனுப்பிவிடும் முறை இங்கு இல்லை. கோபுரத்தின் எந்த மூலையில் எந்தக் கல் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அங்கேயே ஓய்வுபெறும் வரை இருப்பதும், அவர்களிடம் இளையவர்கள் தொழில் பயில்வதும் இம்முறையின் பயன்களாகும். 2020 ஆம் ஆண்டில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு, நோர்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் இணைந்து அளித்த விண்ணப்பத்தின் பேரில், ஐரோப்பியப் பேராலயங்களின் இத்தகைய பட்டறை மரபை யுனெஸ்கோ தன் நற்பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

பட்டறையின் தலைவர் பேராலயக் கட்டடத் தலைவர் என அழைக்கப்படுகிறார். போர்க்காலத்தில் 1944 இல் பொறுப்பேற்ற வில்லி வைரசு, அவருக்குப் பின் 1972 முதல் ஆர்னோல்டு வோல்ஃப், 1999 முதல் 2012 வரை பார்பரா ஷோக்-வெர்னர் ஆகியோர் இப்பதவியில் இருந்தனர். இப்பதவியை வகித்த முதற் பெண் ஷோக்-வெர்னர் ஆவார். பீட்டர் ஃபூசெனிக் 2016 இல் பொறுப்பேற்றார்.

செலவின் பாதிக்கும் மேற்பட்ட பங்கை 1842 ஆம் ஆண்டில் குடிமக்களால் தொடங்கப்பட்ட பேராலயக் கட்டடச் சங்கம் ஏற்கிறது. கட்டி முடிப்பதற்காகத் தொடங்கப்பட்ட இச்சங்கம், 1880 இல் அந்நோக்கம் நிறைவேறிய பின்னும் கலைக்கப்படாமல் பராமரிப்புப் பணிக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. எஞ்சிய தொகை உயர்மறைமாவட்டம், மாநில அரசு, நகராட்சி முதலியவற்றிடமிருந்து வருகிறது. பேராலயம் என்றைக்குக் கட்டி முடிகிறதோ அன்றைக்கு உலகம் அழியும் என்று கொலோன் மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சாரம் இல்லாத பேராலயத்தைக் கண்டவர் அரிது.

முழுமையாகச் சிதைந்துபோன சிற்பத்துக்குப் பதிலாகப் புதியதைச் செதுக்கும்போது பழையதை அச்சொட்டாகப் படியெடுப்பதா, அல்லது தன் காலத்துக்கு ஏற்பச் செய்வதா என்பது நெடுங்கால விவாதமாகும். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சிற்பிகளுக்குத் தாராளமான உரிமை அளிக்கப்பட்டது. அதன் விளைவாக கென்னடி, குருச்சேவ், டி கோல், மேக்மில்லன் ஆகிய நால்வரும், உள்ளூர்க் கால்பந்தாட்ட வீரர்களும் கோதிக் அலங்கார வேலைப்பாடுகளுக்கிடையே சிறிய கல்லுருவங்களாக இடம்பெற்றுள்ளனர். பிற்காலத்தில் பழைய உருவத்தைப் பின்பற்றும் போக்கே வலுப்பெற்றது.

போர்ச்சேதமும் கூரையும்

இரண்டாம் உலகப் போரின்போது கொலோன் நகரின் மையப்பகுதி ஏறத்தாழ முழுமையாக அழிந்தது. பேராலயத்தின் மீது 14 பெருங்குண்டுகள் விழுந்தன. பல மண்டப வளைவுகள் இடிந்தபோதும் கட்டிடம் நிலைத்து நின்றது. இதற்கு ஒரு காரணம் அதன் கூரைச் சட்டகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியோர் மரத்துக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்தியிருந்தனர். தீக்குண்டுகள் விழுந்தபோது பற்றியெரிய அங்கே மரக்காடு இருக்கவில்லை. 2019 ஏப்ரலில் பாரிசு நோட்ரடாம் பேராலயத்தின் மரக்கூரை எரிந்து விழுந்தபோது கொலோனின் இரும்புக் கூரை பலராலும் நினைவுகூரப்பட்டது. நோட்ரடாமின் சேதமுற்ற சாளரங்களில் நான்கு, கொலோன் பட்டறையின் கண்ணாடிக் கூடத்திலேயே சீர்செய்யப்பட்டன.

1943 நவம்பரில் விழுந்த குண்டு ஒன்று வடக்குக் கோபுரத்தின் மூலைத் தூணில் பெரும் பள்ளத்தை ஏற்படுத்தியது. கோபுரமே சரியும் அபாயம் இருந்ததால், குண்டுவீச்சு தொடர்ந்துகொண்டிருந்த போதே அப்பள்ளம் செங்கற்களால் அவசரமாக அடைக்கப்பட்டது. கருங்கோபுரத்தின் அடியில் செந்நிறத் தழும்பாக அது பல பத்தாண்டுகள் காட்சியளித்தது. இதனை மூடுவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. மூடுவதை எதிர்த்தோர், நகரில் போரை நினைவூட்டும் சின்னங்களுள் எவரும் விளக்காமலே புரியும் சின்னம் இதுவே என்றனர். முடிவில் 1990களின் நடுப்பகுதியில் கல் பதிக்கும் வேலை தொடங்கப்பட்டு 2005 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. செங்கல் அகற்றப்படவில்லை; கல்லுக்குப் பின்னால் இன்றும் உள்ளது.

நிறக்கண்ணாடிச் சாளரங்கள்

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த விவிலியச் சாளரம் முதலான பழைய சாளரங்கள் போரின்போது கழற்றிப் பாதுகாக்கப்பட்டன. அவற்றின் வெளிப்புறத்தில் தற்போது காப்புக் கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளது. மழையும் மாசுக் காற்றும் பழைய கண்ணாடியை நேரடியாகத் தீண்டுவதை இது தடுக்கிறது.

தெற்குக் குறுக்கு மண்டபத்தின் பெரிய சாளரம் போரில் அழிந்தது. அவ்விடத்துக்கு ஓவியர் கெரார்டு ரிக்டர் வடிவமைத்த சாளரம் 2007 ஆகத்து மாதம் திறந்துவைக்கப்பட்டது. பேராலயத்தின் பழைய சாளரங்களில் காணப்படும் நிறங்களை அடிப்படையாகக் கொண்டு தெரிவு செய்யப்பட்ட 72 நிறங்களில், 11,263 சதுரக் கண்ணாடித் துண்டுகள் இதில் பொருத்தப்பட்டுள்ளன. நிறங்களின் வரிசையைத் தீர்மானிப்பதில் கணினியின் தற்செயல் தெரிவுக்கும் பங்குண்டு. உருவம் எதுவும் இல்லாத இச்சாளரம் பள்ளிவாசலுக்கே பொருந்தும் என அப்போதைய பேராயர் கர்தினால் மைஸ்னர் கடிந்துகொண்டார். இன்று, வெயில் நாட்களில் தரையில் விழும் இதன் நிற ஒளியைக் காண்பதற்கென்றே வருவோர் பலர்.

சுற்றுப்புறம்

இடைக்காலத்தில் பேராலயத்தின் சுவர்களை ஒட்டியே வீடுகளும் சிறு கோயில்களும் நெருங்கி நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நினைவுச் சின்னம் என்பது தனித்து நின்று எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும் என்ற கருத்து மேலோங்கியதால் அவை இடிக்கப்பட்டன. அதே காலத்தில், அதே மக்களே, தொடருந்து நிலையத்தைப் பேராலயத்தின் அருகிலேயே அமைத்தனர் என்பது இன்று வியப்பளிக்கலாம். அவர்களுக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. ஆற்றுப் பாலத்தின் நடுக்கோடு பேராலயத்தின் நடுக்கோட்டோடு நேராக அமைய வேண்டும் எனப் பிரசிய மன்னர் விரும்பினார். 1859 இல் முடிந்த பாலமும், அதற்குப் பதிலாக 1907 முதல் 1911 வரை கட்டப்பட்ட ஓகன்சோலர்ன் பாலமும் இவ்வாறே அமைந்தன. கிழக்கிலிருந்து தொடருந்தில் வருபவரின் கண்ணுக்குப் பேராலயம் நேர் எதிரே எழுவது தற்செயல் அன்று.

பேராலயம் இயற்கையாகவே ஆற்றைவிட உயர்ந்த சிறு மேட்டின் மீது நிற்கிறது. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டிடக் கலைஞர் ஃபிரிட்ஸ் ஷாலரின் திட்டப்படி, மேட்டின் சரிவுகளை மறைத்து, பேராலயத்தைச் சுற்றிலும் பரந்த கற்காரைத் தளம் அமைக்கப்பட்டது. இதனடியில் வாகன நிறுத்தமும் சாலைகளும் அமைந்தன. நடப்போரை வாகனங்களிடமிருந்து பிரிப்பது அக்கால நகர்த்திட்டத்தின் கொள்கை. மேலே நடப்போருக்கு இது வசதியாக இருந்தது. கீழே இருண்ட மூலைகளும் சுரங்க வழிகளும் எஞ்சின. 2000களின் நடுப்பகுதியில் நிலைய முகப்பிலிருந்து தளத்துக்கு ஏறும் அகன்ற படிக்கட்டுகள் புதிதாக அமைக்கப்பட்டன. 2010களில் கிழக்குப் பக்கமும் சீர்செய்யப்பட்டு, அங்குள்ள பழைய திருமுழுக்குத் தொட்டி காண்போரின் பார்வைக்குக் கொண்டுவரப்பட்டது.

தெற்கிலும் கிழக்கிலும் அருங்காட்சியகங்கள் உள்ளன. 1941 இல் வான்தாக்குதல் பதுங்கிடம் தோண்டும்போது கிடைத்த உரோமானியக் கற்பதிவு ஓவியத்தை இடம்பெயர்க்காமல் அதன் மீதே 1974 இல் உரோம-செருமானிய அருங்காட்சியகம் எழுப்பப்பட்டது. 1986 இல் லுட்விக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பேராலயத்தின் தோற்றத்தை மறைக்காதிருக்கும் பொருட்டு நகரின் இசையரங்கு நிலத்துக்கு அடியில் அமைக்கப்பட்டது. அதன் கூரையே மேலுள்ள சதுக்கத்தின் தரையாகும். மேலே நடப்போரின் காலடி ஓசை கீழே கேட்பதால், கச்சேரி நடக்கும் வேளைகளில் சதுக்கத்தின் குறுக்கே எவரும் நடக்காதபடி காவலர்கள் நிறுத்தப்படுகின்றனர். இடநெருக்கடி மிகுந்த மரபுப் பகுதியில் ஒரு சிக்கலுக்குக் கண்ட தீர்வு அடுத்த சிக்கலாக மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உயர்மாடிக் கட்டிடச் சர்ச்சை

ரைன் ஆற்றின் வலது கரையில், பேராலயத்துக்கு நேர் எதிரே டொய்ட்சு என்னும் பகுதி உள்ளது. வணிகக் கண்காட்சி வளாகமும் மற்றொரு தொடருந்து நிலையமும் அமைந்த இப்பகுதியில், விரைவுத் தொடருந்து முனையத்தைச் சுற்றி 100 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான பல கட்டிடங்களை எழுப்ப 2000களின் தொடக்கத்தில் நகராட்சி திட்டமிட்டது. இடது கரை நெடுங்காலமாகவே செல்வமும் சிறப்பும் பெற்றது. தொழிற்சாலைகள் மூடப்பட்டு வந்த வலது கரைக்கு வேலைவாய்ப்பும் முதலீடும் தேவைப்பட்டன. இத்திட்டத்துக்குப் பின்னால் இருந்த நியாயம் இதுவே. அது புறந்தள்ளத்தக்கதன்று.

எதிர்த்தோரின் வாதம் வேறு. கொலோன் பேராலயம் உலக பாரம்பரியக் களமாகத் தெரிவு செய்யப்பட்டபோது அதன் சுவர்கள் மட்டும் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஆற்றின் மீது, தாழ்ந்த கூரைகளுக்கு மேலே, எங்கிருந்து பார்த்தாலும் இரு கோபுரங்களும் ஓங்கித் தெரிவதும் அதன் மதிப்பின் பகுதியாகும். நகரின் மேற்கே 1981 இல் கட்டப்பட்ட 266 மீட்டர் உயரமான தொலைத்தொடர்புக் கோபுரமும், 2001 இல் முடிந்த 148 மீட்டர் உயர அலுவலகக் கட்டிடமும் ஏற்கனவே உள்ளனவே என நகராட்சி தரப்பினர் கேட்டனர். அவை பேராலயத்திலிருந்து விலகி நிற்பவை. டொய்ட்சுக் கட்டிடங்களோ பேராலயத்தின் அச்சுக்கோட்டிலேயே எழுபவை என்பது பதிலாக அமைந்தது.

இன்னொரு குறைபாடும் அப்போது வெளிப்பட்டது. 1996 இல் களம் பதிவு செய்யப்பட்டபோது, வலது கரையை உள்ளடக்கிய காப்பு வலயம் எதுவும் வரையறுக்கப்படவில்லை. எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதற்கு எழுத்தில் அமைந்த அளவுகோல் இல்லாமற் போனது.

2004 சூலையில் சீனாவின் சூசோ நகரில் கூடிய உலக பாரம்பரியக் குழு, பேராலயத்தை இடருக்குள்ளான களங்களின் பட்டியலில் சேர்த்தது. வழக்கமாகப் போரோ வெள்ளமோ கைவிடப்பட்ட நிலையோ ஒரு களத்தை இப்பட்டியலுக்குக் கொண்டுவரும். ஒரு கல்லும் அசையாத, நன்கு பேணப்பட்ட கட்டிடம் ஒன்று, ஒரு கிலோமீட்டர் அளவு தொலைவில் வரவிருந்த கட்டிடங்களுக்காக இதில் இடம்பெற்றது பெரும் கவனத்தை ஈர்த்தது. 2005 இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கூடிய குழு, நிலைமை மாறாவிடின் பாரம்பரியத் தகுதியே பறிபோகலாம் என எச்சரித்தது.

யார் முடிவெடுப்பது என்பதே சர்ச்சையின் மையமாக இருந்தது. உலக பாரம்பரிய உடன்படிக்கையை ஏற்று 1976 இல் இணைந்தது ஜெர்மன் கூட்டாட்சி அரசு. ஆனால் நினைவுச் சின்னப் பாதுகாப்பு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கட்டிடத் திட்டங்களை வகுப்பதோ நகராட்சியின் உரிமை. வாக்குறுதி அளித்தவர் ஒருவர், நிறைவேற்ற வேண்டியவர் மற்றொருவர் என்ற நிலை உருவானது. இறுதியில் கொலோன் நகராட்சி இறங்கி வந்தது. அப்போது வேலை முன்னேறியிருந்த 103 மீட்டர் உயரக் கட்டிடம் மட்டும் முடிக்கப்பட்டது. எஞ்சிய உயர்மாடித் திட்டங்கள் கைவிடப்பட்டன அல்லது உயரம் குறைக்கப்பட்டன. இதனை ஏற்ற குழு 2006 சூலையில் லித்துவேனியாவின் வில்னியசு நகரில் பேராலயத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2008 இல் காப்பு வலயமும் முறைப்படி ஏற்கப்பட்டது. இடது கரையின் உட்பகுதிக்கு 2007 ஆம் ஆண்டில் நகராட்சி தனியாக உயர வரம்புத் திட்டம் ஒன்றை வகுத்தது.

அதே வில்னியசு கூட்டத்தில் ஜெர்மனியின் மற்றொரு களமான டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு இடர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கே புதிய ஆற்றுப்பாலத்துக்கு ஆதரவாக 2005 இல் நகர மக்கள் வாக்களித்திருந்தனர். உடன்படிக்கை மக்கள் தீர்ப்பைத் தானாகவே முறியடித்துவிடாது என்ற நிலைப்பாட்டை 2007 இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்தது. பாலம் எழுந்தது; 2009 இல் டிரெஸ்டன் தன் தகுதியை இழந்தது.  

முடிக்கப்பட்ட ஒரே உயர்மாடிக் கட்டிடமான கொலோன் டிரையாங்கிளின் உச்சியில் பொதுமக்களுக்கான பார்வைத் தளம் உள்ளது. பேராலயத்தின் முழுத் தோற்றத்தைப் படம்பிடிக்க விரும்புவோர் செல்லும் இடமாக அது விளங்குகிறது.

நிலத்தடிப் பணிகள்

கொலோனில் புதிய நிலத்தடித் தொடருந்துப் பாதைக்கான பணிகளின்போது, 2009 மார்ச்சு 3 ஆம் நாள் நகரின் வரலாற்று ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. அடுத்த வீட்டில் இருந்த இருவர் உயிரிழந்தனர். ஆயிரம் ஆண்டுக்கால ஆவணங்கள் சேற்றில் புதைந்தன. பேராலயம் அவ்விடத்துக்கு வடக்கே வெகு தொலைவில் இருப்பினும், பழைய நகரின் அடியில் எதைத் தோண்டினாலும் மக்கள் அச்சம் கொள்ளும் நிலையை இவ்விபத்து உண்டாக்கியது.

2012 திசம்பரில் இப்பாதையின் வடபகுதி பேராலயத்தின் அருகே திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே, வண்டிகள் செல்லும்போது பேராலயத்தினுள் அதிர்வு உணரப்படுவதாக முறையிடப்பட்டது. கட்டிடத்துக்குச் சேதம் நிகழ்ந்ததாகக் கண்டறியப்படவில்லை. எனினும் வண்டிகளின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னர் தண்டவாளப் பாதையிலும் மாற்றங்கள் செய்யப்பட்டன.

அன்றாடப் பயன்பாடு

ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் பேராலயத்துக்கு வருகின்றனர். தெற்குக் கோபுரத்தின் 533 படிகளில் ஏறுவோர் படிக்கட்டுச் சுவர்களில் பெயர் கிறுக்குவது பழைய தொல்லை. இரவில் சுவரோரங்களில் சிறுநீர் கழிக்கப்படுவதும் உண்மையான பாதுகாப்புச் சிக்கலாகும். சிறுநீரிலுள்ள உப்புகள் அடித்தளக் கற்களுக்குள் ஊறி, மாசுக் காற்றைப் போலவே அவற்றைச் சிதைக்கின்றன. ஷோக்-வெர்னர் தம் பதவிக்காலத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். அருகில் போதிய பொதுக் கழிப்பறைகள் அமைப்பது, இருண்ட மூலைகளை ஒழித்து ஒளியூட்டுவது ஆகியவை கல்லுக்குச் செய்யும் மருத்துவத்தைவிட மலிவானவை. தளத்தின் கீழ்ப்பகுதிகள் 2010களில் மாற்றியமைக்கப்பட்டபோது இதுவும் கருத்தில் கொள்ளப்பட்டது.

2010களின் நடுப்பகுதியில் கட்டிடம் முழுவதும் உள்ளும் புறமும் லேசர் கருவிகளால் அளக்கப்பட்டு முப்பரிமாணப் பதிவு உருவாக்கப்பட்டது. சாரம் கட்டாமல் அணுக முடியாத உயரத்திலுள்ள அலங்காரக் கற்களின் வடிவங்களும் அதில் அடங்கும். அவற்றுள் ஒன்று உடைந்தால் அதன் முந்தைய வடிவை அப்பதிவிலிருந்து பெறலாம். ஆனால் புதிய கல்லைச் செதுக்கும் இறுதி வேலை இன்றும் பட்டறையில், உளியும் சுத்தியும் கொண்டு கையாலேயே செய்யப்படுகிறது.